வெறும் பல்லக்கு

பழவேற்காடு
14-10-1973

கடம்பத்தூர் சம்பந்தியம்மாள் சம்பூர்ணம் அவர்களுக்கு, அங்காளம்மாள் எழுதிக்கொண்டது.

செல்வியும் குழந்தையும் சௌக்கியம். பதிலுக்கு உங்கள் வீட்டுச் சௌக்கியம் கேட்பதுதான் முறை. கூடை திரும்பி வந்த பிறகு கேட்க மனம் வரவில்லை, அதனால் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை வேறொருவரை வைத்து எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் குப்பத்தில் யாருக்குத் தபால் வந்தாலும் பிரித்துப் படித்துச் சொல்வது நான்தான். மத்தியானம் பெண்கள் வலை பின்ன உட்கார்ந்தால் கதைப் புத்தகம் வாசிப்பதும் நான்தான்.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை என் மகன் பாக்கியராஜ் ஒரு பனையோலைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலேறி உங்கள் வாசலுக்கு வந்தான். உங்கள் பேத்தி பிறந்ததற்கு அனுப்பிய கூடை அது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினீர்கள். "அவுங்க கூடையைப் பாக்கலம்மா, என்னைத்தான் பாத்தாங்க" என்று வந்து சொன்னான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்களாம். அதற்கு நன்றி.

வளைகாப்பு முடித்துச் செல்வியை நான் அழைத்துவந்த அன்று எனக்குப் பின்கட்டில் காப்பி கொடுத்தீர்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. இதைப் பொருட்படுத்துகிறேன்.

குழந்தையைத் தாய்வீட்டிலிருந்து அழைத்துப்போக மூன்றாம் மாதம் மாமியார் வர வேண்டும். மூன்றாம் மாதம் கார்த்திகையோடு முடிகிறது. மார்கழியில் யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீடு போகமாட்டார்கள். நீங்கள் வருவீர்களா, வரமாட்டீர்களா? இதை மட்டும் எழுதினால் போதும்.

அங்காளம்மாள்


கடம்பத்தூர்
21-10-1973

சம்பந்தியம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. குழந்தை நலம் என்று தெரிந்து சந்தோஷம்.

கூடை வந்தது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. அன்று எங்கள் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போட்டிருந்தோம். திருவள்ளூர் பெருமாள் கோயிலுக்குப் போய்வந்த ஈரப்புடவையோடு நான் நிற்கிறேன், வாசலில் கருவாட்டு வாடை. புரட்டாசியில் நாங்கள் கவிச்சி தொடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தே அனுப்பினால் அதற்கு என்ன பெயர்? எங்களை இடித்துக் காட்டத்தான் அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வருவதைப் பற்றி வீட்டில் பெரியவர்களைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

செல்வி பரணில் ஒரு பழைய புத்தகத்தை விட்டுப் போயிருக்கிறாள். அட்டை இல்லை, பேரும் தெரியவில்லை. ஓர் ஓடக்காரன் குடும்பத்துக் கதை. பொழுது போகாமல் கொஞ்சம் வாசித்தேன். அப்பன் துறையில் நின்று மகனை வைகிறான், மகன் அப்பனை வைகிறான், பெண்டாட்டி துடுப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேரையும் அடிக்க ஓடுகிறாள், கரையே கூடி நின்று பார்க்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தால் எது எந்த நாளில் அனுப்புவது என்று எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சம்பூர்ணம்


பழவேற்காடு
31-10-1973

சம்பந்தியம்மாளுக்கு,

குறையாகத்தான் எடுத்துக்கொண்டேன். தீபாவளி வரை கோபம் ஆறவில்லை, அதனால்தான் பதில் தாமதம்.

கூடையில் இருந்தது கருவாடு இல்லை, காய்ந்த இறால். அதுவும் சும்மா வந்த இறால் இல்லை. எங்களுக்கு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்று ஊர் கூடி வைத்த முறை. பிள்ளை பிறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வருகிற முதல் பாட்டில், விழுந்ததில் ஒரு பங்கைப் பிள்ளை பேரில் எடுத்து வைப்போம். அது தகப்பன் வீட்டுக்குப் போக வேண்டும். தகப்பனைப் பெற்றவள் முந்தானையில் வாங்க வேண்டும். வாங்கினால் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. எங்கள் முறை புரட்டாசியில் வந்தது. பாட்டை நாங்கள் நாள் பார்த்து மாற்ற முடியாது. காயவைத்து அனுப்பினேன். நீங்கள் உடனே சமைக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? உறியில் கட்டி வைத்து ஐப்பசியில் சமைத்திருக்கலாம்.

கூடை திரும்பி வந்தபோது துறையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் பூவராகவன் வலையை மடித்துக்கொண்டு படகுக்குப் போய்விட்டார். செல்வி மட்டும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "அப்ப இது யாரு ஊட்டுப் புள்ளம்மா?" என்று கேட்டாள்.

புத்தகத்துக்கு வருகிறேன். அது பாதிப் புத்தகம். பொன்னேரி பழைய கடையில் செல்வி வாங்கியது, இரண்டு கதைகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தது. தையல் விட்டு இரண்டாகப் போய்விட்டது. முன்பாதி என்னிடம் இருக்கிறது, அது ஜமீன் கதை. பெரிய வீடு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும், சம்பந்தியம்மா. அந்த வீட்டில் யாரும் சத்தம் போடுவதில்லை. அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று அறையில் மூன்று இலை. வெளியே மழை பெய்கிறதா என்று கேட்கக்கூட ஒருவன் மற்றவனிடம் வேலைக்காரனை அனுப்புகிறான். நெசவுக்காரர் வீட்டிலிருந்து வந்த மருமகளை ஜமீன்தாரிணி ஒரு சொல் கடிந்து சொல்லாமலே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். வலை பின்னுகிற பெண்கள் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: "துடுப்பால அடிச்சாலும் தேவல, இது இன்னா ஊடு?"

அங்காளம்மாள்


கடம்பத்தூர்
9-11-1973

சம்பந்தியம்மாளுக்கு,

பங்கு என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் உண்மையாகச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் மகனுக்காவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அவன் கூடையை நீட்டிக்கொண்டு, "அம்மா குடுத்தாங்க" என்றான், அவ்வளவுதான்.

ஓடக்காரன் கதையை மேலும் வாசித்தேன். சண்டை போட்ட அன்று ராத்திரி எல்லாரும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். எனக்கு அது நம்பும்படி இல்லை. நடுத்தெருவில் அத்தனை பேச்சுப் பேசிவிட்டு எப்படி ஒரே சட்டியில் கை வைக்க முடியும்? உங்கள் பக்கத்தில் நிஜமாகவே அப்படித்தானா?

சேகர் இந்த மாதம் இங்கே வரவில்லை. கும்மிடிப்பூண்டியில் அவன் கம்பெனிக்குப் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டதாக எழுதியிருக்கிறான். நான் கார்த்திகைக்குள் உங்கள் ஊருக்கு வராவிட்டால் அவனே செல்வியை அங்கிருந்து நேராகக் கும்மிடிப்பூண்டிக்கு அழைத்துப்போவானாம். அப்புறம் கடம்பத்தூர் வாசலை மிதிக்கமாட்டானாம். பெற்ற பிள்ளை தாய்க்குத் தபாலில் எழுதுகிற விஷயமா இது?

உங்கள் ஜமீன் கதையின் கடைசிப் பக்கங்கள் என்னிடம் இருக்கின்றன. கிழிந்தபோது ஓடக்காரன் கதையோடு வந்துவிட்டன போலிருக்கிறது. இன்னும் வாசிக்கவில்லை.

சம்பூர்ணம்


பழவேற்காடு
18-11-1973

சம்பந்தியம்மாளுக்கு,

கடைசிப் பக்கங்கள் உங்களிடமா? ஒரு மாதமாக இங்கே பெண்கள் என்னைப் பிய்த்து எடுக்கிறார்கள். பல்லக்கைத் துடைத்து வாசலில் கொண்டுவந்து வைக்கச் சொல்லி ஜமீன்தாரிணி உத்தரவு போடுகிறாள், அந்த இடத்தோடு என் பாதி முடிந்துவிட்டது. மருமகளை அழைக்கப் போனாளா, போகவில்லையா? தயவுசெய்து வாசித்து எழுதுங்கள்.

ஒரே சட்டி நிஜம்தான். போன வாரம் பாக்கியராஜும் அவன் அப்பாவும் வலையைக் கிழித்தது யார் என்று துறையில் நின்று கத்தினார்கள். பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். பொழுது சாய்ந்து அப்பாவுக்கு மீன் முள் எடுத்துப் போட்டவன் அவன்தான். ஆனால் நாங்கள் என்னவோ தங்கம் என்று சொல்லவரவில்லை. என் மூத்த மகள் புருஷன் இப்படித் தெருவில் கத்தித்தான் அவளை ஒரு வருஷம் இங்கே விட்டு வைத்தான். கத்துவதால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஓடக்காரன் கதை சொன்னால் அது பொய்க் கதை.

சேகர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். "அம்மா மனசு எனக்குத் தெரியும் அத்தே, வருவாங்க. ஆனா யாருக்கோ பயந்துகினு இருக்காங்க" என்றார். அவர் உங்களை விட்டுவிட்டுத் தனியே போவது எனக்கும் பிடிக்கவில்லை. புகுந்த வீடு இல்லாத பெண்ணுக்கு ஊரில் என்ன மரியாதை என்பது எனக்குத் தெரியும். இதில் மட்டும் நானும் நீங்களும் ஒரே கட்சி.

அவர் சொன்ன பிறகு ஜமீன் கதையை மறுபடி புரட்டினேன். முதல் தடவை கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. ஜமீன்தாரிணி எது செய்தாலும் அதற்கு முன்னால் எதிர்ச் சன்னலைப் பார்க்கிறாள். அங்கே அவளுடைய மூத்தாள் இருக்கிறாள். மருமகளை அனுப்பிய அன்றும் முதலில் சன்னலைத்தான் பார்த்தாள்.

சம்பந்தியம்மா, என் மகன் கூடையோடு நின்றபோது நீங்கள் எந்தச் சன்னலைப் பார்த்தீர்கள்?

அங்காளம்மாள்


கடம்பத்தூர்
26-11-1973

சம்பந்தியம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தேன்.

சன்னல் இல்லை, சுவர். எங்கள் வீட்டு நடுமுற்றத்தில் ஒரு சுவர் இருக்கிறது. கல்யாணத்திலும் வளைகாப்பிலும் நீங்கள் பார்த்திருக்க முடியாது, இரண்டு தடவையும் அதன்மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு மறைத்துவிட்டோம். அந்தப் பக்கம் என் மைத்துனர் அருணகிரியும் ஓரகத்தி கங்கம்மாளும். பாகம் பிரித்தபோது கிணற்றடி யாருக்கு என்று ஆரம்பித்தது. அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிறது. வாய்க்கால் தண்ணீர் திறக்க வேண்டுமென்றால் என் வீட்டுக்காரர் மாட்டைப் பார்த்து, "தண்ணி வந்தா நாத்து நடலாம்" என்பார். அவர் அண்ணன் அந்தப் பக்கம் நாயைப் பார்த்து, "நாளைக்குத்தான் தொறப்பாங்க" என்பார். ஊரில் எங்களைப் பெரிய வீடு என்கிறார்கள். உங்கள் பெண்களிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

அன்று கங்கம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கல்யாணம் ஆனதிலிருந்தே அவள் வாயிலிருந்து என்ன வருமோ என்று எனக்கு ஓயாத பயம். புரட்டாசிச் சனிக்கிழமை சம்பந்தி வீட்டுக் கருவாட்டுக் கூடையை வாங்கினாள் என்று ஊரெல்லாம் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான், "எடுத்துக்கினு போப்பா" என்றேன். செல்வியும் இந்தச் சுவரைப் பற்றி உங்களிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. நல்ல பெண்.

அந்தப் பங்கை மறுபடி அனுப்புங்கள். புரட்டாசி முடிந்துவிட்டது. வாங்கிக்கொள்கிறேன்.

சம்பூர்ணம்

ஜமீன் கதை முடிவைப் பிறகு எழுதுகிறேன்.


பழவேற்காடு
2-12-1973

சம்பந்தியம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. நாய்ப் பேச்சுக்கு மட்டும் தனியே உட்கார்ந்து சிரித்தேன். மன்னிக்கவும்.

ஆனால் பங்கை மறுபடி அனுப்ப முடியாது. திரும்பி வந்ததை ஏரியிலேயே விட்டுவிட்டோம். திருப்பியவர் கையில் மறுபடி சேர வேண்டுமானால் ஒரே வழிதான் என்று எங்கள் பெரியவர் தேசப்பன் சொல்கிறார். அடுத்த பாடு அன்று அவரே துறைக்கு வந்து நிற்க வேண்டும். படகு வந்ததும் எல்லார் முன்னாலும் முந்தானையை நீட்டி வாங்க வேண்டும். ஈர இறால். தண்ணீர் சொட்டும், வாடை அடிக்கும், பட்டுப்புடவை உதவாது. உங்களைத் தலை குனிய வைக்க நான் போட்ட நிபந்தனை என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். "நம்ப ஊட்டுப் புள்ளன்னு சொல்றதுக்கு வெக்கம்னா, வராட்டிப் போவட்டும்" என்கிறார்.

எங்கள் அடுத்த பாடு வருகிற 12-ஆம் தேதி புதன்கிழமை. கார்த்திகைக்குள் அது ஒன்றுதான் இருக்கிறது. மழையில் சாலை உடைந்திருக்கிறது, ஆனாலும் பொன்னேரியிலிருந்து பஸ் வருகிறது.

பின்கட்டு காப்பியை நான் மறந்துவிட்டேன் என்று எழுத ஆசை. மறக்கவில்லை. ஆனாலும் நீங்கள் வந்தால் என் வீட்டு முன்கூடத்தில்தான் உட்காருவீர்கள். எங்களுக்குப் பின்கட்டு இல்லை.

அங்காளம்மாள்


கடம்பத்தூர்
20-12-1973

அன்புள்ள சம்பந்தி,

குழந்தை இரண்டு நாள் ரயிலை நினைத்து ராத்திரியெல்லாம் முழித்தது. இப்போது தூங்குகிறாள். செல்வி நன்றாகச் சாப்பிடுகிறாள்.

அன்று துறையில் கூட்டத்தில் ஒன்றும் பேச முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கங்கம்மாள் எப்படி என்னோடு வந்தாள் என்று நீங்கள் கண்ணாலேயே கேட்டீர்கள். நானும் யாரிடமும் சொல்லாமல்தான் விடியற்காலையில் கிளம்பினேன். கதவைச் சாத்தும்போது சுவருக்கு மேலே தலை தெரிந்தது. எங்கே போகிறாய் என்றாள். இனி மறைத்து என்ன என்று, பேத்தியை அழைக்க என்றேன், பங்கு வாங்க வேண்டியதையும் சொல்லிவிட்டேன். அவள், "புள்ள அழைக்க ஒத்தையாவா போவாங்க? இரு, பொடவ மாத்திக்கினு வரேன்" என்றாள்.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறக் காத்திருந்தபோதுதான் அவளே ஆரம்பித்தாள். கூடை வந்த அன்று, இந்தப் பக்கம் பிள்ளை பிறந்த சேதியை யாராவது தனக்குச் சொல்லுவார்களா என்றுதான் சுவரோரம் நின்றாளாம். கூடையைத் திருப்பினதைப் பார்த்து அவள் நினைத்தது வேறு. "வாங்கினா எனக்குப் பாதி குடுக்கணுமேன்னுதான் நீ திருப்பிட்டேன்னு நெனச்சேன்டி. எவ்ளோ நாளாச்சு நல்ல இறா தின்னு" என்றாள். இதற்குப் பயந்தா நான் உங்கள் மகனைத் திருப்பி அனுப்பினேன் என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

துறையில் முந்தானையை நீட்டினபோது எனக்குக் கூச்சம் இருந்தது. இல்லை என்றால் பொய். அவ்வளவு பேர் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் அள்ளிப் போட்டதும் சில்லென்று வயிறு வரை நனைந்தது. இறால் துள்ளுகிறது, எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை. "குனிஞ்சு மடிச்சுப் புடிங்கம்மா, ஓடிடும்" என்று உங்கள் பாக்கியராஜ்தான் முந்தானையைப் பிடித்துக்கொடுத்தான். அன்றைக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பிய பிள்ளை. அப்புறம் நீங்கள் குழந்தையை என்னிடம் கொடுத்தீர்கள், நான் ஈரத்தோடேயே வாங்கிக்கொண்டேன். அதற்கு மேல் அன்று நடந்தது எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. முன்கூடத்துக் காப்பி நினைவிருக்கிறது.

இங்கே வந்ததும் பாதி இறால் சுவர் தாண்டிப் போய்விட்டது. சேகர் ஞாயிற்றுக்கிழமை வந்தான். கும்மிடிப்பூண்டி வீட்டை விடவில்லை. தை பிறந்ததும் செல்வியும் அவனும் அங்கே இருப்பார்கள், வேலைக்கு அது சௌகரியம். ஆனால் பொங்கல் இங்கே. என் வீட்டுக்காரர் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளிடம், "ஒங்க பெரிய தாத்தாவைப் பொங்கலுக்குச் சாப்பிடக் கூப்பிடு" என்றார். மாட்டுக்குப் பதில் இப்போது குழந்தை. அந்தப் பக்கத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை. நாய் மட்டும் குரைத்தது.

இனி ஜமீன் கதை. நீங்கள் கேட்டு ஒரு மாதமாகியும் நான் எழுதவில்லை. உங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்றே வாசித்துவிட்டேன். ஜமீன்தாரிணி பல்லக்கு வரை வருகிறாள். கால் எடுத்து வைக்கப் போகிறாள். அப்போது எதிர்ச் சன்னல் திறக்கிறது. அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "பல்லக்கு மட்டும் போகட்டும்" என்கிறாள். வெறும் பல்லக்கு நெசவுக்காரர் தெருவுக்குப் போகிறது, மருமகள் திரையை விலக்கிப் பார்க்கிறாள், உள்ளே ஆள் இல்லை. அதை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, புதன்கிழமைக்கு எந்தப் புடவை நனைந்தால் பரவாயில்லை என்று பெட்டியில் தேடினேன்.

சம்பூர்ணம்


பழவேற்காடு
29-12-1973

அன்புள்ள சம்பந்திக்கு அங்காளம்மாள் எழுதுவது.

கடிதத்தைப் படித்ததும் வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. தொட்டில் இருந்த இடம் வெறிச்சென்று இருக்கிறது, ஆனாலும் நான் வருந்தவில்லை. "எம் பேத்தி கடம்பத்தூருக்குப் பூட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் பேஜாராகிவிட்டது.

முடிவு அப்படித்தான் இருக்கும் என்று நான் ஊகித்திருந்தேன். ஜமீன்தாரிணி போயிருந்தால் நீங்கள் எப்போதோ எழுதியிருப்பீர்களே. எனக்கென்னவோ அவள்மேல் கோபம் வரவில்லை. பாவம், சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவளும் ஒரு கை இறாலுக்குத்தான் நின்றாளோ என்னவோ, யார் கண்டது. அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை.

ஓடக்காரன் கதைப் பாதியைப் பொங்கலுக்கு நாங்கள் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். என் பாதியை உங்களுக்குக் கொண்டுவருகிறேன். ஒரு வருஷத்துக்கு மாற்றி வைத்துக்கொள்வோம்.

நேற்று மத்தியானம் வலை பின்ன எல்லாரும் உட்கார்ந்ததும், முடிவு வந்துவிட்டதா என்று ஆரம்பித்துவிட்டார்கள். வந்துவிட்டது என்றேன். உங்கள் கடிதத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து வாசிப்பது போலவே வாசித்தேன். ஜமீன்தாரிணி பல்லக்கைத் தொடவே இல்லை, பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, சன்னலில் நின்ற மூத்தாளையும் கூட்டிக்கொண்டு, ரயிலேறி வந்து மருமகளை அழைத்துப் போனாள் என்று முடித்தேன்.

ஒருத்தியும் நம்பவில்லை. ஜமீன்தாரிணி எங்கேயாவது ரயிலில் வருவாளா என்று சண்டைக்கு வந்தார்கள். "நல்லாப் பாத்துப் படி அக்கா, அப்படியா எழுதிக்கீது?" என்றாள் ஒருத்தி.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள், எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டேன்.

அங்காளம்மாள்